விடுபட்ட ஓர் எண்

இராமானுஜன் என்ற பெயரைச் சொன்னவுடன் கேட்போர் நினைவில் முந்தி வந்து நிற்பது 1729 என்னும் எண். நோயுற்றுக் கிடந்த அவரைக் காணச் சென்ற பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகை மோட்டாரின் எண் சுவையற்றதாய் இருந்தது என்று கூறியதும், அவர் படுக்கையில் இருந்தபடியே அதை மறுத்து, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இருவேறு வகையில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என்று விளக்கியதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த கதை. ஒன்றின் கனமும் பன்னிரண்டின் கனமும் சேர்ந்தாலும் 1729. ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்தாலும் 1729. கேகாலை மாவட்டத்தில், எட்டியாந்தோட்டைக்கு அப்பால் மலைச்சரிவில் கிடக்கும் இறப்பர்த் தோட்டமொன்றின் பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிதம் கற்பித்த நானும் அக்கதையை ஆண்டுதோறும் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். மணி அடிக்கும். அவ்வளவுதான்.

இன்று நான் எழுதப் புகுவது வேறோர் எண்ணைப் பற்றி. அது பன்னிரண்டு இலக்கம் கொண்டது: 293318625600. வாயாற் சொல்வதானால் 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600. இராமானுஜன் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் எழுதாமல் விட்டுவிட்ட எண் அது. அவருடைய சரிதத்தை அவர் கண்டவற்றைக் கொண்டு எழுதியோர் பலர். அவர் காணாமல் விட்ட ஒன்றின் பக்கமாக நின்று அதனைச் சொல்லிப் பார்க்க நெடுநாளாக எனக்கோர் ஆசை. அதற்கு என் சொந்த வாழ்க்கையிலும் ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எண்ணின் இயல்பை முதலில் விளக்கிவிட வேண்டும். என் தந்தை பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் பிரட்டுக் களத்திலே ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கங்காணி அவர்களை மலைக்கு இத்தனை பேர் என்று பிரித்து அனுப்புவார். சிறு வயதில் தந்தையின் வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்று நான் கவனித்த ஒன்று உண்டு. அறுபது பேர் வந்த நாளில் கங்காணிக்கு வேலை எளிது. இரண்டாக, மூன்றாக, நான்காக, ஐந்தாக, ஆறாக, பத்தாக, பன்னிரண்டாக, எப்படிப் பிரித்தாலும் ஆள் மிஞ்சமாட்டார். ஐம்பத்தொன்பது பேர் வந்த நாளில் எவ்வாறு பிரித்தாலும் யாரோ ஒருவர் தனியே நிற்பார், அல்லது ஒருவர் குறைவார். ஐம்பத்தொன்பது ஒரு பகா எண். எங்கள் நாட்டுப் பாடநூல்கள் அதனை முதன்மை எண் என்கின்றன. அறுபதுக்கோ பன்னிரண்டு காரணிகள் உண்டு. அறுபதுக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் இல்லை.

இவ்வாறு தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிகமான காரணிகள் உடைய எண்ணை உயர்பகு எண் என்று அழைக்கலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை செல்லும். மணிக்கு அறுபது நிமிடமும் வட்டத்துக்கு முந்நூற்றறுபது பாகையும் வைத்தவர்கள் இவ்வெண்களின் வசதியை அனுபவத்தால் அறிந்தவர்களே. கிரேக்க ஞானி பிளேட்டோ தாம் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடும்பங்களை விதித்தார். ஒன்று முதல் பத்து வரை எந்த எண்ணாலும் 5040 மீதியின்றி வகுபடும் என்பதும், அதற்கு அறுபதுக்குக் குறையாத காரணிகள் உண்டு என்பதுமே அதன் சிறப்பு. ஆனால் இவ்வெண்களுக்கு ஒரு பெயர் சூட்டி, இவை எவ்விதியால் தோன்றுகின்றன என்று முறையாக ஆராய்ந்து நூற்றுக்கணக்கான தாள்களைச் செலவிட்ட முதல் மனிதர் நம் இராமானுஜனே.

இடையில் ஒன்று சொல்லித்தான் ஆகவேண்டும். வகுத்தல் என்ற சொல்லை எங்கள் மக்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்கவில்லை. பால் குறைந்த நாளில் செக்றோலில் அரைப்பேர் விழும். ஆளே பாதியாகிவிட்டதுபோல வீடு திரும்புவார்கள். 1964 ஒக்டோபரில் ஸ்ரீமாவோ, சாஸ்திரி இருவரும் செய்த ஒப்பந்தம் 9,75,000 பேரை 5,25,000 என்றும் 3,00,000 என்றும் 1,50,000 என்றும் கூறிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் 75,000 வீதம் சரிபாதியாக்கிக்கொண்டன. மீதியில்லாத கணக்கு! எங்கள் லயத்திலே அண்ணன் ஒரு கூற்றிலும் தம்பி மறு கூற்றிலுமாகப் போனார்கள். எண்கள் மீதியின்றி வகுபடுவதைப் பிள்ளைகளுக்கு வியப்போடு கற்பித்த காலத்திலெல்லாம் இந்நினைவும் என்னுடனே இருந்தது.

இனிச் சரிதத்துக்கு வருவோம். இராமானுஜன் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டியின் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில், சாரங்கபாணி சந்நிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு புடைவைக் கடையில் கணக்கர். ஆகவே நம் தோட்டத்து மொழியிற் சொன்னால் அவர் ஒரு கணக்குப்பிள்ளையின் மகன்! தாய் கோமளத்தம்மாள் கோயிலில் பசனை பாடி வந்த ஒரு சிறு தொகையும் குடும்பத்துக்கு வேண்டியிருந்தது. நாமக்கல் நாமகிரித் தாயாரிடம் தாயும் மகனும் கொண்டிருந்த பக்தி யாவரும் அறிந்தது.

நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் பெற்ற பரிசுகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. 1903 அளவில் கார் என்பவர் எழுதிய ஒரு நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை, பெரும்பாலும் நிறுவல் இல்லாமலே, வரிசைப்படுத்திய தேர்வுத் துணைநூல் அது. இன்றைய ஆசிரியர் எவரும் அதை ஒரு சிறுவனுக்குப் பரிந்துரைக்கமாட்டார். நிறுவல்களைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருந்ததாற் போலும், அச்சிறுவன் கணிதத்தையே தாமாகப் படைக்கத் தொடங்கினார். அதனால் வந்த நன்மையும் கேடும் இரண்டும் அவர் வாழ்வில் இறுதிவரை தொடர்ந்தன.

கேடு உடனே வந்தது. 1904 இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தவர், கணிதம் தவிர ஏனைய பாடங்களைப் புறக்கணித்தமையால் அவ்வுதவியை இழந்தார். 1905 இல் வீட்டாருக்குச் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். 1906 இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து அவ்வாண்டு இறுதியில் எஃப். ஏ. தேர்வில் தோற்றார், 1907 இல் மீண்டும் தோற்றார். பட்டம் இல்லை; வேலை இல்லை. 1909 இல் ஜானகியம்மாளை மணம் செய்வித்தார்கள். கையில் இருந்தவை குறிப்பேடுகள் மாத்திரமே. அவற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக உதவி கேட்டு நடந்தார். திருக்கோவலூரில் உதவி ஆட்சியராய் இருந்த இராமசாமி ஐயர், நெல்லூர் ஆட்சியராய் இருந்த இராமச்சந்திர ராவ் முதலிய பெரியோர் அக்குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து ஆதரித்திராவிடின் இக்கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அக்காலத்தில் அவர் கணக்குச் செய்தது சிலேட்டுப் பலகையில். தாளுக்குப் பணம் ஏது? எழுதுவதும் முழங்கையால் அழிப்பதுமாக வேலை நடக்கும். முடிவு மட்டும் குறிப்பேட்டுக்குப் போகும். வழி அழிந்துவிடும். சிலேட்டோடு பள்ளிக்கு வந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் என்பதால் இச்செய்தி என்னைப் பெரிதும் தொட்டதுண்டு. விடை சரியாயிருந்தும் வழி காட்டவில்லை என்பதற்காக நாங்கள் எத்தனை மதிப்பெண்களைக் குறைத்திருக்கிறோம்!

1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பகுதியில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். தந்தையின் தொழிலே மகனுக்கும் வாய்த்தது. மேலதிகாரி நாராயண ஐயரும் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரது திறமையை உணர்ந்தவர்கள். 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஹார்டிக்கு அவர் விடுத்த மடலும், அதைக் கண்டு ஹார்டி திகைத்ததும், அதன் பயனாகச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்ததும் பலமுறை எழுதப்பட்டவை. கடல் கடத்தலாகாது என்ற குலக் கட்டுப்பாட்டை மீறி 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் சென்னையிலிருந்து புறப்பட்டார்.

இந்த மார்ச் மாதத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் சற்றே நின்றுவிடும். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், 1914 பெப்ரவரி 24 அன்று, பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் புறப்பட்ட எங்கள் பாட்டன்மார் அதன்மேல் ஓடிய இரயிலில் தனுஷ்கோடி சென்று, அங்கிருந்து கடல் கடந்து தலைமன்னாரில் இறங்கி, இம்மலைகளுக்கு வந்தார்கள். அதே பருவத்தில், அதே காவிரிக் கரையின் புதல்வர் ஒருவர் இத்தீவைத் தெற்கே சுற்றிக்கொண்டு மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் ஏட்டையும் இவர்கள் கவ்வாத்துக் கத்தியையும் நம்பிப் போனார்கள். சிவனொளிபாத மலையின் முடி கடலில் வெகுதூரம் தெரியும் என்பார்கள். அவர் அதைக் கண்டாரென நான் சொல்ல வரவில்லை. கண்டிருக்கலாகாதா என்று நினைப்பதில் எனக்கு ஒரு நிறைவு.

ஏப்பிரல் நடுவில் இங்கிலாந்தை அடைந்தார். ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டது. அந்த முதலிரண்டு ஆண்டுகளில் அவர் இயற்றிய பெருங் கட்டுரையே உயர்பகு எண்கள் பற்றியது. 1915 இல் இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அறுபதுக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. இரண்டு முறை எஃப். ஏ. தேர்வில் தோற்றவருக்கு 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கான பி. ஏ. பட்டம் வழங்கியதும் இக்கட்டுரையை முன்னிட்டே.

அதிலே அவர் கண்டது என்ன? எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக உடைக்கலாம். 12 என்பது இரண்டு 2களும் ஒரு 3உம். காரணிகள் எத்தனை என்று அறிய, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறதோ அதனோடு ஒன்றைக் கூட்டி, அவற்றைப் பெருக்க வேண்டும்: மூன்று பெருக்கல் இரண்டு, ஆறு. 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு காரணிகள் இருப்பதைக் கையாலே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். உயர்பகு எண் ஒன்றை இப்படி உடைத்தால், பகா எண்கள் இடைவெளி விடாமல் 2, 3, 5, 7 என்று வரிசையாகவே வரும். 2கள் 3களிலும் குறையமாட்டா; 3கள் 5களிலும் குறையமாட்டா; படிக்கட்டு இறங்குவதுபோல இறங்கும். கடைசியில் நிற்கும் மிகப் பெரிய பகா எண் ஒரே ஒரு முறைதான் வரும்; இவ்விதிக்கு விலக்கு 4, 36 என்னும் இரண்டு மட்டுமே. இவற்றை இராமானுஜன் நிறுவினார். படிக்கட்டு எவ்வளவு வேகமாக இறங்கலாம் என்பதற்கும் மிக நுட்பமான எல்லைகளை வகுத்தார். இத்துறையைக் கணிதப் பேராற்றின் ஒதுங்கிய கிளையென்றே ஹார்டி பின்னாளில் மதித்தார். எனினும் சமனிலிகளைக் கையாளுவதில் இராமானுஜன் காட்டிய வல்லமையை அவர் மறுக்கவில்லை. ஹார்டியின் மதிப்பீட்டோடு எனக்கு முழு உடன்பாடில்லை. 1944 இல் அலாவோக்ளு, எர்டாஸ் என்னும் இருவர் இதே கிளையில் இறங்கி நெடுந்தூரம் சென்றார்கள். இன்றுவரை அங்கே நீர் வற்றவில்லை.

விதிகளோடு நில்லாமல், அவர் ஓர் அட்டவணையும் தந்தார். உயர்பகு எண்களை ஒன்றன்பின் ஒன்றாக, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை, எவ்வித இயந்திரத்தின் துணையுமின்றிக் கையாலே கணித்து எழுதினார். கடைசி எண் 6746328388800. அதாவது 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதற்குப் பதினாயிரத்து எண்பது காரணிகள். கணக்கப்பிள்ளைகள் மாதக் கடைசியில் செக்றோலைக் கூட்டிச் சரிபார்க்கப் படும் பாட்டைக் கண்டவர்கள் இவ்வட்டவணையின் அருமையை உணர்வார்கள்.

அந்த அட்டவணையிற்றான் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. அதுவே நான் தொடக்கத்திற் குறித்த 293318625600. அதை உடைத்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பின்னர் 11, 13, 17, 19 ஒவ்வொன்று. காரணிகள் 5040, ஆம், பிளேட்டோவின் அதே 5040. அதற்குச் சற்று மேலே 321253732800 என்ற எண் நிற்கிறது. அது இராமானுஜன் தம் கட்டுரையிலே தனிச் சிறப்புக் கொடுத்துப் பிரித்தெடுத்த மைல்கற்களில் ஒன்று. அதிலே 23 என்ற பகா எண் புகுந்துவிட்டது. அந்த மைல்கல்லின் நிழலிலே இந்த எண் ஒதுங்கி நின்றுவிட்டது போலும். விதி தவறவில்லை, நிறுவல் தவறவில்லை. வரிசையில் ஓர் ஆள் மட்டும் பெயர் கூப்பிடப்படாமல் போய்விட்டார்.

இதை நான் முதன்முதலாகப் படித்தபோது என் நெஞ்சிலே சுருக்கென்று ஒன்று தைத்தது. அதன் காரணம் இது. 1980களின் தொடக்கத்தில், எட்டாம் வகுப்புக்கு நான் ஒரு கணக்குக் கொடுத்தேன்: ஆயிரத்துக்குட்பட்ட எண்களில், தமக்கு முன்னுள்ள எல்லாவற்றினும் மிகுந்த காரணிகள் உடையவற்றை எல்லாம் எழுதுக. ஒன்றையும் சேர்த்தால் விடை பதினைந்து எண்கள். பால் வெட்டுக்காரர் ஒருவரின் மகன் பதினான்கை எழுதியிருந்தான், 180 இல்லை. பட்டியல் முழுமையாயிராவிடின் மதிப்பெண் இல்லை என்பது என் விதி. சிவப்பு மையாற் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தாளின் ஓரத்திலே அவன் ஒவ்வோர் எண்ணையும் 2, 3, 5, 7 ஆக உடைத்து, 2களை மேலும் 3களை அதற்குக் கீழுமாக அடுக்கி வைத்திருந்தான். படிக்கட்டு! அது கண்ணிற் பட்டது, கருத்திற் படவில்லை. ஏனைய மாணவர் ஒன்று முதல் ஆயிரம் வரை வகுத்து வகுத்துச் சலித்துக்கொண்டிருந்த வேளையில், அவன் இராமானுஜனது முதல் விதியை யாருடைய உதவியுமின்றித் தொட்டிருந்தான். நான் ஒரு சுழியைப் போட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

சாதாரண தரத் தேர்வில் அவனுக்குக் கணிதத்தில் மிக உயர்ந்த சித்தி. மற்றப் பாடங்களில் போதிய சித்திகள் இல்லை. உயர்தரம் படிக்க வழியில்லாமற் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டான். கும்பகோணத்தில் 1905 இல் நடந்ததும் எங்கள் மலையில் நடந்ததும் ஒன்றே என்று சொல்லி ஒரு மேதையை இழந்தோமென்று மார்தட்ட நான் துணியவில்லை. அவன் என்ன ஆகியிருப்பான் என்பதை அளக்க என்னிடம் கோல் இல்லை. கும்பகோணத்துப் பையனுக்கு ஓர் இராமசாமி ஐயர் இருந்தார். இவனுக்கு நான் இருந்தேன்.

இராமானுஜனின் எஞ்சிய வாழ்நாள் குறுகியது. யுத்த காலத்து இங்கிலாந்தில் மரக்கறி உணவினருக்குப் பட்டினியே பாதி நாள். தாமே சமைத்து, நேரந் தவறி உண்டு, இரவெல்லாம் விழித்துக் கணக்குச் செய்தார். 1917 வசந்தத்தில் நோய் கண்டது. சானட்டோரியம் மாறி சானட்டோரியமாகக் கிடந்தார். காசம் என்று அக்கால மருத்துவர்கள் கொண்டனர். ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாமென 1990களில் ஓர் ஆய்வு கூறிற்று. அவ்வாறாயின் அது தீர்த்திருக்கக்கூடிய நோயே என்னும்போது நெஞ்சு வேகிறது.

நோயிலும் எண்கள் அவரை விடவில்லை. ஒரு முழு எண்ணைக் கூட்டல் வழியாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற வினாவுக்கு அவரும் ஹார்டியும் 1918 இல் விடை வெளியிட்டார்கள். 4ஐ ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200ஐப் பிரிக்கும் விதங்கள் 3972999029388, ஏறத்தாழ நான்கு இலட்சம் கோடி. மக்மாகன் என்பார் பொறுமையோடு கையாற் கூட்டிக் கண்ட அத்தொகையும் இவ்விருவரின் சூத்திரம் தந்த தொகையும் ஒத்திருந்தன. அவ்வாண்டிலேயே அரச சங்கத்தின் உறுப்பினராகவும், டிரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளராகவும் அவர் தெரிவுபெற்றார். 1919 மார்ச் இறுதியில் பம்பாயில் கரையிறங்கினார். வந்தவர் எலும்பும் தோலுமாக வந்தார். ஓராண்டு கடந்து 1920 ஏப்பிரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. கடைசி நாட்களிலும் ஜானகியம்மாள் தாள்களை எடுத்துக்கொடுக்க, அவர் எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்னும் ஒரு செய்தி எஞ்சுகிறது. 1915 இல் வெளியான கட்டுரை முழுமையானதன்று. யுத்த காலத்துப் பணமுடையில் இருந்த இலண்டன் கணிதச் சங்கத்துக்குச் செலவு மிச்சமாக வேண்டுமென்று, கட்டுரையின் பிற்பகுதி அச்சேறாமல் நிறுத்தப்பட்டது. சென்னையில் தாளுக்குக் காசில்லாமற் சிலேட்டில் எழுதியவருக்கு, தாள் தாராளமாகக் கிடைத்த நாட்டில் அச்சிடக் காசில்லாமற் போயிற்று! அப்பகுதி டிரினிற்றிக் கல்லூரி நூலகத்தில் உறங்கிற்று. 1976 இல் அங்கேயே அந்திரூஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இராமானுஜனின் இறுதிக்காலத் தாள்களைக் கண்டெடுத்தார். 1988 இல் அவை படியெடுத்து நூலாக்கப்பட்டபோது இப்பகுதியும் உடன் வந்தது. நிக்கோலா, ரோபன் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவரின் உரைக்குறிப்புகளோடு 1997 இல் ஒழுங்காக அச்சேறிற்று. எண்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்த பக்கங்கள் அவை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளியின் மறுநாள், அந்தப் பழைய மாணவன் என் வீட்டுக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. கொழும்பிலே மொத்த வியாபாரக் கடையொன்றின் கணக்கு முழுதும் அவன் பொறுப்பில் இருக்கிறதென்றும், மகள் படிக்கிறாள் என்றும் சொன்னான். தேநீர் ஆறும்வரை பொறுத்திருந்து, அவனிடம் 180ஐப் பற்றிக் கேட்டேன். அவனுக்கு நினைவிருந்தது. சிவப்புக் கோடும் நினைவிருந்தது. பின்னர் நாட்காட்டித் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் இராமானுஜன் விட்ட எண்ணையும், அவர் அட்டவணையின் கடைசி எண்ணையும் எழுதி, கதையைச் சொன்னேன்.

அவன் இரண்டு எண்களையும் சற்று நேரம் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கைபேசியை நாடாமல், பெரியதைச் சிறியதால் நெடுவகுத்தல் முறையில் வகுக்கத் தொடங்கினான். இரண்டு வரியில் கணக்கு முடிந்தது. ஈவு 23, மீதி இல்லை. விடுபட்ட எண்ணோடு ஒரேயொரு புதிய பகா எண்ணைப் பெருக்கினால் வருவதே அட்டவணையின் கடைசி எண். இராமானுஜன் தம் கையால் எழுதிய கடைசி எண்ணின் வயிற்றிலேயே அவர் விட்ட எண் முழுதாக இருக்கிறது. எத்தனையோ முறை அவ்விரு எண்களையும் எழுதிப் பார்த்த எனக்கு ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்க்கத் தோன்றியதில்லை.

அட்டவணைக்கு அப்பால் அடுத்த எண் எதுவாக இருக்கும் என்று அவன் கேட்டான். இன்னொரு நாட்காட்டித் தாளைக் கிழித்தோம். எட்டியாந்தோட்டைக்குப் போகும் கடைசிப் பேருந்து வளைவில் ஒலியெழுப்பும்வரை இருவரும் 2களையும் 3களையும் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருந்தோம்.